‘எல்லாம் அவனே பண்ணிப்பான்’ என்று சொல்லாதீர்கள்

ஆஸ்திரேலியாவில் குறைபாடு உள்ளவர்களுக்கு உதவும் அரசுத் திட்டமான என்.டி.ஐ.எஸ். பற்றிக் கேட்டு என்னிடம் வரும் தமிழ்க் குடும்பங்களின் கையில் பெரும்பாலும் ஒரே ஒரு காகிதம்தான் இருக்கும். டாக்டர் கொடுத்த கடிதம். அதில் நோயின் பெயர் இருக்கும், கீழே கையெழுத்து இருக்கும். “இது போதும்தானே அக்கா?” என்று கேட்பார்கள். போதாது. என் தம்பிக்கு அறிவுத்திறன் குறைபாடு இருக்கிறது, அவனுக்காகப் பல வருடமாக இந்தத் திட்டத்தோடு பழகுகிறேன், தெரிந்தவர்களுக்குப் படிவம் நிரப்பவும் உதவுகிறேன், எல்லாரும் இடறுவது இந்த ஒரு இடத்தில்தான். நோயின் பெயருக்காக இந்தத் திட்டம் பணம் கொடுப்பதில்லை. அந்த நோயால் ஒருவரால் அன்றாடம் எதையெல்லாம் தனியாகச் செய்ய முடியவில்லை, அதற்கு என்ன உதவி தேவை என்பதைப் பார்த்துத்தான் கொடுக்கிறது. டாக்டர் கடிதம் வாசல் கதவு வரைக்கும்தான் கொண்டுபோய் விடும்.

முதலில் இது என்ன என்று சொல்லிவிடுகிறேன். நேஷனல் டிசெபிலிட்டி இன்ஷூரன்ஸ் ஸ்கீம், அதாவது தேசிய அளவிலான ஒரு காப்பீடு மாதிரி. இதற்கு முன்னால் ஒவ்வொரு மாநிலமும் தன் இஷ்டத்துக்கு உதவி செய்துகொண்டிருந்தது. பணம் நிறுவனங்களுக்குப் போகும், நிறுவனம் எதைக் கொடுக்கிறதோ அதை வாங்கிக்கொள்ள வேண்டும், ஒரு மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்கு வீடு மாறினால் திரும்ப வரிசையின் கடைசியில் நிற்க வேண்டும். 2011-ல் அரசுக்கு ஆலோசனை சொல்லும் புரொடக்டிவிட்டி கமிஷன் இந்த ஏற்பாட்டை ஆராய்ந்து, போதிய பணம் இல்லை, நியாயம் இல்லை, துண்டு துண்டாக இருக்கிறது என்று வெளிப்படையாகவே எழுதியது. அதன் பிறகு 2013-ல் சட்டம் வந்தது, அதே வருடம் ஜூலையில் சில பகுதிகளில் சோதனை முறையில் தொடங்கியது, 2016-லிருந்து நாடு முழுக்கப் பரவியது. இன்றைக்கு 7 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இதில் இருக்கிறார்கள். பணம் இப்போது நிறுவனத்தின் பெயரில் இல்லை, அந்த மனிதரின் பெயரில் ஒதுக்கப்படுகிறது, யாரிடம் உதவி வாங்குவது என்பதை அவர் முடிவு செய்கிறார். இந்த ஒரு மாற்றம் எவ்வளவு பெரியது என்பது பழைய ஏற்பாட்டில் வரிசையில் நின்றவர்களுக்குத் தெரியும்.

நம் ஆட்கள் சிலருக்கு இதை வாங்குவதில் ஒரு கூச்சம். “நாங்க நல்லாத்தானே சம்பாதிக்கிறோம், அரசாங்கத்துக்கிட்ட ஏன் கை நீட்டணும்?” என்று ஒரு அண்ணா என்னிடம் கேட்டார், மகனுக்கு அப்போது பதினான்கு வயது, இரவில் தூக்கமே கிடையாது, மனைவி வேலையை விட்டிருந்தார். இதற்கும் உங்கள் சம்பளத்துக்கும் சம்பந்தமே இல்லை. வருமான வரம்பு கிடையாது, சொத்து வரம்பு கிடையாது. நாளைக்கே விபத்திலோ நோயிலோ யாருக்கு வேண்டுமானாலும் இந்த நிலை வரலாம் என்பதால் எல்லாரும் சேர்ந்து பணம் போடுகிறோம், அவ்வளவுதான். மெடிகேர் லெவி, அதாவது அரசு மருத்துவக் காப்பீட்டுக்காக வருமானத்தில் பிடிக்கும் வரி, 1.5 சதவீதத்திலிருந்து 2 சதவீதமாக 2014 ஜூலையில் உயர்ந்தது இந்தத் திட்டத்துக்காகத்தான். வருடா வருடம் நீங்கள் வரி கட்டும்போது அதையும் சேர்த்துத்தான் கட்டுகிறீர்கள்.

சரி, யாருக்குக் கிடைக்கும்? ஆஸ்திரேலியக் குடிமகனாகவோ நிரந்தர வதிவிட உரிமை (பி.ஆர்.) உள்ளவராகவோ இருக்க வேண்டும் (நியூசிலாந்துக்காரர்களில் பாதுகாக்கப்பட்ட சிறப்பு வகை விசா வைத்திருக்கும் சிலரும் உண்டு). பி.ஆர். கிடைத்த பிறகு இத்தனை வருடம் காத்திருக்க வேண்டும் என்று எதுவும் இல்லை, இதைப் பலர் தவறாக நினைத்துக்கொண்டு வருடங்களை வீணாக்குகிறார்கள். தற்காலிக விசாவில் இருப்பவர்களுக்குக் கிடையாது, அது உண்மையில் வேதனையான விஷயம், ஆனால் விதி அப்படித்தான். விண்ணப்பிக்கும்போது 65 வயது ஆகியிருக்கக் கூடாது. இந்த வயது வரம்பை நான் தடித்த எழுத்தில் எழுதலாம் என்று நினைத்தேன். ஊரிலிருந்து வந்து பி.ஆர். வாங்கிய அம்மா அப்பாவுக்கு 62 வயதில் பக்கவாதம் வருகிறது, பிசியோதெரபி போகிறார்கள், “கொஞ்சம் தேறட்டும், பார்க்கலாம்” என்று குடும்பம் தள்ளிப்போடுகிறது, மூன்று வருடம் கண்மூடித் திறப்பதற்குள் போய்விடும். 65-க்கு முன்னால் உள்ளே வந்துவிட்டால் அதன் பிறகும் தொடரலாம். பிறகு வந்தால் முதியோர் பராமரிப்புத் திட்டம்தான், அது வேறு, ஒப்பிட்டால் கிடைப்பதும் குறைவு.

அடுத்து, குறைபாடு நிரந்தரமானதாக இருக்க வேண்டும். இந்தச் சொல்தான் நம் வீடுகளில் யாருக்கும் வாயில் வராது. ‘சரியாகிடும்’ என்று சொல்லியே பழகிவிட்டோம், டாக்டரும் பெற்றோர் மனம் நோகக் கூடாதென்று “நல்ல முன்னேற்றம் தெரிகிறது” என்று எழுதிக் கொடுத்துவிடுவார். அந்த ஒரு வரி போதும் விண்ணப்பம் திரும்பி வர. நிரந்தரம் என்றால் வாழ்நாள் முழுக்க இருக்கக்கூடியது, அதைக் குணப்படுத்தக்கூடிய, கைக்கெட்டுகிற, நிரூபிக்கப்பட்ட சிகிச்சை எதுவும் மிச்சம் இல்லை என்று பொருள். ஒரே அளவில் இருந்தாக வேண்டும் என்று இல்லை, மனநலப் பிரச்சினைகளில் ஏறி இறங்கும், அதையும் ஏற்றுக்கொள்கிறார்கள். தெரபியால் குழந்தை இன்னும் நன்றாகப் பேசக் கற்றுக்கொள்ளும் என்பதும் குறைபாடு நிரந்தரம் என்பதும் ஒன்றுக்கொன்று முரண் இல்லை. ஆகவே டாக்டரிடம் போகும்போது இதுவரை என்னென்ன சிகிச்சை பார்த்தாயிற்று, அதனால் என்ன ஆனது, இனி என்ன எதிர்பார்க்கலாம், இது வாழ்நாள் முழுக்க இருக்குமா என்பதை நேராக எழுதித் தரச் சொல்லுங்கள். கேட்கக் கஷ்டமாகத்தான் இருக்கும். என் அம்மா அந்தக் கடிதத்தை வாங்கிக்கொண்டு வந்த நாளில் சாப்பிடவே இல்லை.

குழந்தைகளுக்கு மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி. 6 வயதுக்குக் கீழே வளர்ச்சித் தாமதம் இருந்தால், நோயின் பெயர் உறுதியாகும் வரை காத்திருக்கத் தேவையில்லை. ஆனால் சிறு குழந்தைகளுக்கான வழிமுறையை மாற்றப் போவதாக அரசு 2025 ஆகஸ்டில் அறிவித்திருக்கிறது. 9 வயதுக்குக் கீழ் மிதமான தாமதமோ ஆட்டிசமோ உள்ளவர்களுக்குத் ‘த்ரைவிங் கிட்ஸ்’ என்று தனி ஏற்பாடு வருகிறது. சின்னக் குழந்தை வைத்திருப்பவர்கள் நண்பர்கள் சொன்னதை நம்பாமல் நேரடியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். ஆறு விஷயங்களைப் பார்க்கிறார்கள்: பேச்சும் புரிதலும், மற்றவர்களோடு பழகுவது, கற்றுக்கொள்வது, நடமாட்டம், தன்னைத் தானே கவனித்துக்கொள்வது, தன் காரியங்களைத் திட்டமிட்டு முடிவெடுப்பது. இதில் ஒன்றிலாவது செயல்திறன் கணிசமாகக் குறைந்திருக்க வேண்டும்.

என் தம்பி பல் துலக்குவதை எடுத்துக்கொள்ளுங்கள். பிரஷ்ஷை அவன்தான் பிடிக்கிறான், அவன் கைதான் அசைகிறது. ஆனால் அவனைப் பாத்ரூமுக்குப் போகச் சொல்ல வேண்டும், சொன்னதும் போக மாட்டான், இரண்டு மூன்று தடவை சொல்ல வேண்டும். பேஸ்ட்டை நாங்கள் வைத்துத் தர வேண்டும், இல்லாவிட்டால் முழு ட்யூபையும் பிதுக்கிவிடுவான். பிரஷ் முன்பல்லிலேயே நிற்கும், பக்கத்தில் நின்று “மேல… இப்ப கீழ… உள்பக்கம்” என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும், சில நாள் அவன் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பிவிட வேண்டும். துப்பச் சொல்ல வேண்டும், விழுங்கிவிடுவான். குழாயை மூடச் சொல்ல வேண்டும். இதெல்லாம் முடிய இருபது நிமிடம். முப்பது வயது தாண்டிய ஆள்.

திட்டத்தின் சார்பில் முதல் முறை பேச வந்த பெண் அம்மாவிடம் கேட்டார், இவரே பல் துலக்குவாரா என்று. அம்மா கொஞ்சம்கூட யோசிக்காமல், “ஓ, அவனே துலக்குவான், குளிப்பான், சாப்பிடுவான், எல்லாம் அவனே பண்ணிப்பான், நல்ல பிள்ளை” என்றார். அதில் பொய்யே இல்லை. அம்மாவுக்கு அவர் பக்கத்தில் நிற்பது உதவியாகவே தெரியவில்லை, முப்பது வருடமாகச் செய்கிற காரியம் அது, மூச்சு விடுகிறோம் என்று யாராவது கணக்கு வைத்துக்கொள்வார்களா? அதோடு, வெளி ஆளிடம் தன் பிள்ளையைக் குறைத்துச் சொல்லக் கூடாது என்கிற பாசமும் சேர்ந்துகொள்கிறது. அந்தப் பெண் ‘சுயமாகச் செய்கிறார்’ என்று குறித்துக்கொள்ளப் போனார். நான் குறுக்கிட்டு அந்த இருபது நிமிடத்தை அப்படியே விவரித்தேன். அம்மா என்னைக் கோபமாகப் பார்த்தார், அந்தப் பெண்ணோ எழுதிக்கொண்டதை அடித்துவிட்டு மறுபடி எழுதினார். பக்கத்தில் ஒருவர் நின்று சொல்லிக்கொடுத்தால்தான் செய்ய முடியும் என்றால், இந்தத் திட்டத்தின் கணக்கில் அதுவும் உதவிதான். நினைவூட்டுவது, மேற்பார்வை பார்ப்பது, ஆபத்து வராமல் கண் வைத்திருப்பது எல்லாமே உதவி.

அதனால் நான் எல்லாரிடமும் கேட்டுக்கொள்வது, விண்ணப்பிக்கும் முன் ஒரு வாரத்துக்கு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். தமிழிலேயே எழுதுங்கள், பரவாயில்லை. காலையில் எழுப்புவதிலிருந்து இரவில் எத்தனை மணிக்கு எழுந்து பார்க்கிறீர்கள் என்பது வரை. ‘உதவி தேவை’ என்று பொதுவாக எழுதினால் யாருக்கும் ஒன்றும் புரியாது. சட்டையில் எந்தப் பட்டனை அவரால் போட முடியாது, படியில் எந்தப் பக்கம் பிடிக்க வேண்டும், சாலையைக் கடக்கும்போது கையை விட்டால் என்ன ஆகும், அதை எழுதுங்கள். மோசமான நாளையும் எழுதுங்கள், நல்ல நாளில் மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்கு அது தெரிய வழியே இல்லை. குழந்தை என்றால் அதே வயதுள்ள மற்றக் குழந்தையோடு ஒப்பிட்டு எழுத வேண்டும், ஏனென்றால் இரண்டு வயதுக் குழந்தைக்கு ஊட்டிவிடுவதை எல்லாப் பெற்றோரும் செய்கிறார்கள், அதற்குப் பணம் கிடைக்காது, பத்து வயதில் ஊட்டிவிட வேண்டியிருக்கிறது என்றால் அது வேறு கதை. பிறகு அந்த நோட்டை, அன்றாடச் செயல்களுக்குப் பயிற்சி தரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டிடம் (ஓ.டி.) காட்டுங்கள். டாக்டரின் கடிதத்தைவிட ஒரு நல்ல ஓ.டி. ரிப்போர்ட்டுக்கு இங்கே எடை அதிகம், ஏனென்றால் அவர்கள்தான் செயல்திறனை அளந்து எழுதுகிறவர்கள்.

குடும்பம் செய்யும் உதவி பற்றி இன்னொன்று. உங்களுக்கு என்ன உதவி, எவ்வளவு பணம் என்று பிளான் போடும்போது, குடும்பமும் நண்பர்களும் எந்த அளவுக்குச் செய்வது நியாயம் என்று சட்டப்படியே பார்க்கிறார்கள். நம் வீட்டில் அம்மா, அக்கா, சித்தி எல்லாரும் இருக்கிறோம், “எங்களுக்கு ஒரு கஷ்டமும் இல்லை, நாங்க பார்த்துக்கிறோம்” என்று பெருமையாகச் சொன்னால், சரி நீங்களே பாருங்கள் என்று அந்த மணி நேரங்களைக் கழித்துவிடுவார்கள். உண்மையைச் சொல்லுங்கள். அம்மாவுக்கு என்ன வயது, முதுகு வலி இருக்கிறதா, எண்பது கிலோ ஆளைத் தூக்கி உட்காரவைக்க அவரால் முடியுமா, நீங்கள் வேலைக்குப் போக முடியாமல் இருக்கிறீர்களா, அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் அடுத்த நாள் காலை யார் வருவார்கள்? பார்த்துக்கொள்கிறவரின் வயதும் உடல்நிலையும் அவர்கள் கணக்கில் எடுக்க வேண்டிய விஷயங்கள். பாசத்தை விட்டுக்கொடுப்பதாக யாரும் நினைக்க மாட்டார்கள். உங்கள் தம்பியை ஒரு சப்போர்ட் ஒர்க்கர் (உதவிக்கு வரும் பணியாளர்) வாரத்தில் இரண்டு நாள் நீச்சலுக்கு அழைத்துப் போனால் அம்மா அந்த நேரத்தில் படுத்துத் தூங்கலாம், அதில் என்ன குற்றம்?

பிளான் கிடைத்த பிறகு அதைப் படிப்பது ஒரு தனிப் பாடம். பணம் உங்கள் வங்கிக் கணக்கில் மொத்தமாக வந்து விழாது. பொதுவாக மூன்று வகையாகப் பிரித்திருப்பார்கள். அன்றாட உதவிக்கான பணம் ஒன்று, தெரபி போலத் திறனை வளர்ப்பதற்கு ஒன்று, சக்கர நாற்காலி, வீட்டில் கைப்பிடி, பாத்ரூம் மாற்றுவது போன்ற பெரிய செலவுகளுக்கு ஒன்று. தெரபிக்கு ஒதுக்கியதை எடுத்துச் சப்போர்ட் ஒர்க்கருக்குக் கொடுக்க முடியாது. 2024 அக்டோபர் 3-லிருந்து எதற்குச் செலவு செய்யலாம், எதற்குக் கூடாது என்று பட்டியலே போட்டுவிட்டார்கள். வீட்டு வாடகை, மளிகை, மின்சாரக் கட்டணம் எல்லாம் எல்லாருக்கும் உள்ள செலவு, அதற்குக் கிடையாது. டாக்டர், ஆஸ்பத்திரி என்றால் மெடிகேர், பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துவது கல்வித்துறையின் பொறுப்பு. குடும்பத்தினரையே சம்பளத்துக்கு வைத்துக்கொள்ளவும் மிக அபூர்வமாகத்தான் அனுமதிப்பார்கள்.

பணத்தை யார் நிர்வகிப்பது என்று கேட்பார்கள். நீங்களே செய்யலாம், பில்களைக் கட்டிக் கணக்குப் பார்க்கும் பிளான் மேனேஜர் வைத்துக்கொள்ளலாம், அல்லது திட்டத்தை நடத்தும் அரசு ஏஜென்சியிடமே விட்டுவிடலாம். ஏஜென்சியிடம் விட்டால் பதிவு பெற்ற நிறுவனங்களிடம் மட்டும்தான் போக முடியும். என் யோசனை, தொடக்கத்தில் பிளான் மேனேஜர். அவருக்கான கட்டணத்தைத் தனியாகச் சேர்த்துத் தருகிறார்கள், உங்கள் உதவிப் பணம் குறையாது. தமிழ் பேசும் சப்போர்ட் ஒர்க்கரைத் தேடிக்கொள்ளவும் வழி அதிகம். அம்மாவைக் குளிக்க வைக்கப் பெண்தான் வர வேண்டும், சமைப்பவருக்கு நம் சமையல் தெரிய வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை, தயங்காமல் கேளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. எங்கள் வீட்டுக்கு வந்த ஒரு நிறுவனம், ஒப்பந்தத்தைப் படிக்க விடாமல் கையெழுத்துக் கேட்டது, பிறகு வராத நாளுக்கும் பில் போட்டது. தமிழ் பேசுகிறார்களே, நம்மவர்களாயிற்றே என்று நம்பிவிடாதீர்கள். சர்வீஸ் அக்ரிமெண்டை வீட்டுக்கு எடுத்துவந்து படியுங்கள், எத்தனை நாள் முன்னால் சொன்னால் விலகலாம் என்று பாருங்கள், மாதா மாதம் பில்லை நோட்டோடு ஒத்துப் பாருங்கள். என்.டி.ஐ.எஸ். என்றதும் சரியான காரணம் இல்லாமல் விலையை ஏற்றக் கூடாது என்று விதி இருக்கிறது. புகார் என்றால் குவாலிட்டி அண்ட் சேஃப்கார்ட்ஸ் கமிஷன் என்று தனி அமைப்பு இருக்கிறது.

அரசின் உதவித்தொகை அலுவலகமான சென்டர்லிங்க் கொடுக்கும் டிசெபிலிட்டி சப்போர்ட் பென்ஷனோடு இதைக் குழப்பிக்கொள்கிறவர்களும் அதிகம். அது கைச்செலவுக்கான வருமானம், வருமான, சொத்து வரம்பு உண்டு, பொதுவாக 10 வருடம் இங்கே வசித்திருக்க வேண்டும், குறைபாட்டின் பாதிப்பை அளக்கும் கணக்கில் 20 புள்ளி தேவை, வாரத்துக்கு 15 மணி நேரம் வேலை செய்ய முடியாத நிலை என்று காட்ட வேண்டும். இரண்டும் வேறு வேறு, ஒன்றை வாங்கினால் மற்றது குறையாது. பார்த்துக்கொள்கிற குடும்பத்தினருக்குக் கேரர் அலவன்ஸ் என்று ஒன்று இருக்கிறது, குடும்ப வருமானம் வருடம் 2,50,000 டாலருக்குக் கீழே இருந்தால் கேட்டுப் பார்க்கலாம். பலர் அதைக் கேட்பதே இல்லை.

விண்ணப்பத்தை மறுத்துவிட்டாலோ பிளானில் குறைவாகக் கொடுத்தாலோ, அதோடு முடிந்துவிட்டது என்று உட்கார்ந்துவிடாதீர்கள். முடிவு கைக்கு வந்த 3 மாதத்துக்குள் இன்டர்னல் ரிவ்யூ (அவர்களுக்குள்ளேயே மறுபரிசீலனை) கேட்கலாம், வேறொரு அதிகாரி பார்ப்பார். அதிலும் சரிவரவில்லை என்றால் 28 நாளுக்குள் அட்மினிஸ்ட்ரேடிவ் ரிவ்யூ டிரிப்யூனல் என்ற தீர்ப்பாயத்துக்குப் போகலாம், முன்பிருந்த ஏ.ஏ.டி. என்ற தீர்ப்பாயத்துக்குப் பதிலாக 2024 அக்டோபரில் வந்தது. உங்கள் சார்பில் பேசுவதற்கென்று அரசு நிதியில் நடக்கும் அட்வகசி அமைப்புகள் காசு வாங்காமல் கூட நிற்பார்கள். முதலில் ஏன் மறுத்தார்கள் என்று கடிதத்தை நிதானமாகப் படியுங்கள். நான் படித்த மறுப்புக் கடிதங்களில் பெரும்பாலானவை சொன்னது, குறைபாடு இருப்பதை ஏற்கிறோம், ஆனால் அது அன்றாட வாழ்க்கையை எந்த அளவுக்குப் பாதிக்கிறது என்பதற்குச் சான்று இல்லை என்றுதான். அதற்குத்தான் அந்த நோட்டு.

தொடங்க, என்.டி.ஐ.எஸ். எண்ணான 1800 800 110-க்குப் போன் செய்யலாம். ஆங்கிலம் தயக்கமாக இருந்தால் முதலில் மொழிபெயர்ப்புச் சேவையின் 131 450-க்கு அடித்துத் தமிழ் வேண்டும் என்று சொல்லுங்கள், மொழிபெயர்ப்பாளரோடு சேர்த்து இணைத்துவிடுவார்கள். நேரில் சந்திக்கும்போதும் மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம், கட்டணம் இல்லை. பள்ளியில் படிக்கிற பிள்ளைகளை மொழிபெயர்க்க உட்கார வைக்காதீர்கள், அண்ணனைக் கழுவிவிடுவது பற்றி அப்பா சொல்வதை ஒரு பதினைந்து வயதுப் பெண் இன்னொருவருக்கு ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியதில்லை, அவள் கூச்சத்தில் பாதியை விட்டுவிடுவாள், விட்டுப்போன அந்தப் பாதிதான் பிளானுக்குத் தேவைப்படுவது.